நான்காம் தரப் பிள்ளையின் வாசிப்பு இடர்பாடு: கல்வி உளவியலாளர் என்ன செய்வார்?

கோண்டாவிலிலிருந்து ஒரு தாய்

அனைவருக்கும் வணக்கம். என் மகன் நான்காம் தரத்தில் படிக்கிறான். கேட்ட கதையை ஒன்றும் விடாமல் திருப்பிச் சொல்வான், மனக்கணக்கிலும் கெட்டிக்காரன். ஆனால் பாடப்புத்தகத்தில் ஒரு பந்தியை வாசிக்கச் சொன்னால், எழுத்தெழுத்தாகக் கூட்டி, வரி முடியுமுன்பே களைத்துவிடுகிறான். அடுத்த வருடம் புலமைப்பரிசில் பரீட்சை என்பதால் உறவினர்கள் இன்னொரு ரியூசனுக்கு அனுப்பச் சொல்கிறார்கள். வகுப்பாசிரியையோ கல்வி உளவியலாளர் ஒருவரிடம் காட்டுவது நல்லது என்கிறார். அவர் என்னதான் செய்வார்? பிள்ளைக்கு ஒரு பெயரைச் சூட்டிவிடுவாரோ, அது காலம் முழுவதும் அவனைத் தொடருமோ என்று அஞ்சுகிறேன்.

உளவியல் துறையில் பணியாற்றுபவர், யாழ்ப்பாணம்

அம்மா, பெயர் சூட்டுவது இந்த வேலையின் மிகச் சிறிய பகுதி. பிள்ளை எந்த இடத்தில் தடுக்குகிறான், அந்த இடத்தில் கற்பித்தலை எவ்வாறு மாற்றலாம் என்பதே முதன்மையான கேள்வி.

முதலில் பார்வையும் செவிப்புலனும் சோதிக்கப்பட்டனவா என்று கேட்பார்கள். 1896இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் லைட்னர் விற்மர் தொடங்கிய உளவியல் சிகிச்சை நிலையத்துக்கு வந்த முதற் பிள்ளையே எழுத்துக்கூட்டுவதில் இடர்பட்ட ஒரு சிறுவன்தான். அவனை அழைத்துவந்தவர் ஓர் ஆசிரியை. சோதித்தபோது அவனுக்குக் கண்பார்வைக் குறையும் இருந்தது தெரியவந்தது. ஆகவே இதைச் சம்பிரதாயமென்று எண்ணித் தவிர்க்க வேண்டாம்.

பின்னர் பிள்ளை எப்போது பேசத் தொடங்கினான், வீட்டில் வேறு யாருக்கேனும் வாசிப்புச் சிரமம் இருந்ததா என்று விசாரிப்பார்கள். கொப்பிகளைப் பார்ப்பார்கள், இயலுமானால் வகுப்பறையிலும் அவதானிப்பார்கள். அதன் பிறகே சோதனைகள் வரும்: ஒரு சொல்லின் ஒலிகளைப் பிரித்துச் சொல்வது, கேட்டதைச் சற்று நேரம் மனத்தில் வைத்திருப்பது, தருக்க அறிவு, வாசிப்பு வேகம் என்பன. பெரும்பாலான நுண்ணறிவுச் சோதனைகள் வேற்று நாட்டுப் பிள்ளைகளை அளவுகோலாகக் கொண்டு உருவானவை என்பதால், புள்ளியை மட்டும் வைத்து நம் பிள்ளைகளைப் பற்றி முடிவு சொல்பவரை நான் நம்பமாட்டேன்.

2013இல் வெளியான அமெரிக்க உளமருத்துவக் கையேடு, தகுந்த உதவி கொடுத்த பின்னரும் குறைந்தது 6 மாதங்கள் சிரமம் நீடித்தால்தான் ‘குறித்த கற்றல் கோளாறு’ (வாசிப்பு, எழுத்து, கணிதம் போன்ற திறனில் வரும் கற்றல் இடர்பாடு) எனக் கொள்ளலாம் என்கிறது. எனவே இப்போதே உதவத் தொடங்குவதும் மதிப்பீட்டின் ஒரு பகுதியே. வாசிப்பு இடர்பாடு அறிவுக் குறைபாடு அல்ல. உங்கள் மகனின் கதை சொல்லும் திறனே அதற்குச் சான்று.

ஓய்வுபெற்ற விசேட கல்வி ஆசிரியை, மானிப்பாய்

மேலுள்ளதை முழுமையாக ஏற்கிறேன். ரியூசனைப் பற்றி மட்டும் இன்னும் கடுமையாகச் சொல்வேன்: வாசிக்க முடியாத பிள்ளைக்கு மேலதிக மாதிரி வினாத்தாள்களைக் கொடுப்பது துன்புறுத்தலே.

நம் எழுத்துகள் 247. ‘கொ’ என்று எழுதும்போது ஒலியில் பின்னே வரும் உயிர், எழுத்தில் மெய்யின் இரு பக்கமும் நிற்கிறது. ‘கடல்’, ‘தங்கம்’, ‘பகல்’ மூன்றிலும் ககரம் மூன்று விதமாக ஒலிக்கிறது. பெரும்பாலான பிள்ளைகள் இவற்றைத் தாமாகவே பிடித்துக்கொள்வார்கள்; சிலருக்கு ஒவ்வொன்றாக, ஒழுங்காகக் கற்பிக்க வேண்டும். உளவியலாளரின் அறிக்கை ‘இவனுக்குக் கொம்புக்குறியில்தான் குழப்பம்’ என்று காட்டினால், ஆசிரியர் அந்த ஒன்றை மட்டும் எடுத்து, அட்டைகளோடும் விரலால் எழுதிப் பார்ப்பதோடும் தினமும் 15 நிமிடம் செய்யலாம். பிழையான சொல்லைப் பத்துத் தரம் எழுதவைப்பதால் பயன் இல்லை. அறிக்கை வகுப்பாசிரியையின் கைக்குப் போகாமல் வீட்டு அலுமாரியில் இருந்தாலும் பயன் இல்லை.

ஒரு தந்தை, சுன்னாகம்

என் மகளுக்கு ஓட்டிசம் உள்ளது. வாசிப்பைப் பற்றிப் பேசுமுன்னர், காலைக் கூட்டத்தின் இரைச்சலுக்கு அவளை எப்படித் தயார்ப்படுத்துவது, அன்றைய வேலைகளைப் படங்களாக வரிசைப்படுத்தி மேசையில் ஒட்டுவது, ஒரு நேரத்தில் ஒரே கட்டளை சொல்வது என்பவற்றைத்தான் உளவியலாளர் எங்களுக்கும் ஆசிரியைக்கும் ஒன்றாக இருத்திச் சொல்லித் தந்தார். அந்தச் சிறு மாற்றங்களால்தான் அவள் வகுப்பில் இருக்கப் பழகினாள்.

பெயரைக் கண்டு அஞ்ச வேண்டாம், அக்கா. இயலாமையைக் காரணம் காட்டிப் பாடசாலை அனுமதியில் பாகுபாடு காட்டுவதை இயலாமையுள்ளோரின் உரிமைகளைப் பாதுகாக்கும், இலங்கையின் 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் தடுக்கிறது. எழுத்தில் உள்ள அறிக்கை, பின்னாளில் பரீட்சையில் மேலதிக நேரம் கோரவும் உதவும்.

கோண்டாவிலிலிருந்து ஒரு தாய்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. எங்கிருந்து தொடங்குவது?

உளவியல் துறையில் பணியாற்றுபவர், யாழ்ப்பாணம்

கல்வி உளவியலாளர் என்றே பணியாற்றுவோர் நம் பகுதியில் மிகக் குறைவு. போதனா வைத்தியசாலையின் சிறுவர் மருத்துவப் பிரிவில் காட்டினால் உரியவரிடம் அனுப்புவார்கள். வலயக் கல்வி அலுவலகத்தில் விசேட கல்விக்குப் பொறுப்பானவரையும் சந்தியுங்கள். பிள்ளையின் சுகாதார விருத்திப் பதிவேட்டையும், இந்த ஆண்டுத் தமிழ்க் கொப்பிகளையும் பிழைகளைத் திருத்தாமல் அப்படியே கொண்டுபோங்கள். வகுப்பாசிரியையிடம் ஒரு பக்கக் குறிப்பும் கேட்டு வாங்குங்கள்.