மேலூர்ப் பக்கம் கலை இரவு: குடும்பத்தோட முதல்முறை போறோம், விவரம் சொல்லுங்க

தெப்பக்குளம்_தெற்கு கேட்டது:

வணக்கம். தை மாசக் கடைசியில மேலூர்ப் பக்கம் ஒரு கிராமத்துல கலை இரவு நடக்குது. அறுத்து முடிச்ச வயல்ல மேடை, கட்டணம் கிடையாது. பறை, ஒயிலாட்டம், கரகாட்டம், வீதி நாடகம், நடுநடுவே பாட்டும் பேச்சும்னு நோட்டீஸ்ல இருக்கு. மாலை 6 மணிக்கு ஆரம்பம். முடியுற நேரம் போடலை.

நாங்க நாலு பேர்: நான், வீட்டுக்காரம்மா, 8 வயசு மகள், 70 வயசு அம்மா. அம்மாவுக்கு முழங்கால் வலி, தரையில உட்கார முடியாது. மகளுக்குப் பறைன்னா உசுரு, கிட்டத்துல பார்க்கணும்னு ஒத்தக் கால்ல நிக்கிறா. விடிய விடிய நடக்குமா? எங்குட்டு உட்கார்ந்தா நல்லது? கழிப்பறைக்கு என்ன வழி? இன்னொண்ணு, போன்ல பறையைப் பதிவு பண்ணா கரகரன்னு வருது. அதுக்கு வழி இருக்கா?

ஒத்தக்கடை_யானைமலை:

விடிய விடியங்கிறது பழைய கதை அண்ணே. ஒலி மாசு விதிகள் 2000-ல வந்துச்சு. ராத்திரி 10-லேர்ந்து காலை 6 வரைக்கும் திறந்தவெளியில ஒலிபெருக்கி கூடாது. மாநில அரசு தளர்த்துனா 12 வரைக்கும் போகலாம், அதுவும் வருஷத்துல 15 நாளுக்கு மேல கிடையாது. 2010-ல திருத்தம் வந்ததுலேர்ந்து மைக் இல்லாம வெறும் மேளம் அடிச்சாலும் அதே கணக்குத்தான். அதனால நோட்டீஸ்ல "இரவு" இருந்தாலும் 10 மணிக்கே மைக் அணையும்னு நினைச்சுக் கிளம்புங்க. 12 வரை நடந்தா அது உங்க அதிர்ஷ்டம்.

நேரம் இப்படிச் சுருங்கினதால நிகழ்ச்சி வரிசையே மாறிப்போச்சு. முன்னாடியெல்லாம் நல்ல ஆட்டம் நடுச்சாமத்துக்கு மேலதான் வரும். இப்ப 7-லேர்ந்து 9-க்குள்ளயே கனமான அயிட்டம் எல்லாம் இறங்கிரும். 6 மணின்னு போட்டிருந்தா மேடை ஏற ஏழு ஆகும். ஆனா 5 மணிவாக்குல ஊர் முக்குலேர்ந்து பறையடிச்சுக்கிட்டே ஊர்வலம் வர்றது வழக்கம். அதைக் கேட்டு வச்சுக்கிட்டு அஞ்சுக்கே போயிருங்க. வெளிச்சம் இருக்கும்போதே வயல்ல எது மேடு, எது பள்ளம்னு பார்த்துக்கலாம்.

வயல்னு சாதாரணமா நினைக்காதீங்க. பெரியாறு வாய்க்கால் பாசனம் அங்க. பொங்கலுக்கு அறுத்த நெல்லோட அடித்தாள் காலை குத்திக் கிழிச்சிரும். பாய்க்கு அடியில ஒரு தார்ப்பாய், ஆறடிக்கு நாலடி போதும், அதுக்கு மேல கோரைப்பாய். தார்ப்பாய் இல்லாட்டி ஈரம் ஒரு மணி நேரத்துல பாய்க்கு ஏறிரும். மூடுன செருப்பு, ஆளுக்கொரு சால்வை, குல்லா. டார்ச் கண்டிப்பா வேணும், வரப்புல தேள் கிடக்கும்.

கழிப்பறைக்கு ரெண்டே வழிதான். ஊர்ப் பள்ளிக்கூடத்தைத் திறந்து விட்டிருப்பாங்க, இல்லாட்டி நால்வழிச்சாலை பெட்ரோல் பங்க். போனதுமே பெண் தொண்டர்கள் யாருன்னு பார்த்து, அம்மாவைக் கூட்டிட்டுப் போய் இடத்தைக் காட்டி வச்சிருங்க. அவசரம் வந்தப்புறம் இருட்டுல தேடுறது ஆகாத வேலை.

பஸ்ல போறதா இருந்தா மாட்டுத்தாவணியிலேர்ந்து மேலூருக்கு வண்டிக்குப் பஞ்சமில்லை. திருச்சி வண்டி சிலது ஊருக்குள்ள வராம பைபாஸ்லயே இறக்கிவிடும், கேட்டு ஏறுங்க. மேலூர்லேர்ந்து கிராமத்துக்குப் போற டவுன்பஸ் கடைசி டிரிப் எப்பன்னு இறங்கும்போதே விசாரிச்சிருங்க, திரும்புறப்ப அது இருக்காது. ஷேர் ஆட்டோக்காரர் நம்பரை அப்பவே வாங்கி வச்சிருங்க. டூவீலர்னா வண்டியைச் சாலை பார்த்துத் திருப்பி நிறுத்துங்க, முடிஞ்சதும் எல்லாரும் ஒரே நேரத்துல எடுப்பாங்க. பனியில ஹெல்மெட் கண்ணாடி மங்கும், ஒரு துணித்துண்டு பாக்கெட்ல இருக்கட்டும்.

சிண்டுக்குச்சி:

மகளுக்குப் பறை கிட்டத்தில் காட்ட வேண்டுமென்றால் மேடைக்கு முன்னால் முண்டியடிக்க வேண்டாம். மேடைக்குப் பின்னாலோ பக்கத்திலோ ஒரு நெருப்பு எரியும். அங்கே போங்கள். பாதி பறை அங்கேதான் இருக்கிறது.

காரணம் பனி. பறையின் வளையம் வேம்பு மாதிரி கெட்டி மரத்தில் மூன்று துண்டாக வளைத்து, இரும்புத் தகடு வைத்துப் பூட்டியது. அதில் மாட்டுத்தோலை இழுத்துப் புளியங்கொட்டைப் பசையால் ஒட்டியிருப்பார்கள். தவில் மாதிரி இழுத்துக் கட்டும் வாரோ மிருதங்கம் மாதிரி தட்டிச் சரிசெய்யும் கட்டையோ கிடையாது. சுதி ஏற்ற ஒரே வழி நெருப்பு. தை மாதத்தில் ஏழு மணிக்கெல்லாம் தோல் ஈரத்தை உறிஞ்சித் தொய்ந்துவிடும். "ணங்" என்று விழ வேண்டிய அடி "தொப்"பென்று விழும். காய்ச்சினால் ஈரம் வெளியேறி, தோல் சுருங்கி விறைக்கும்.

காய்ச்சுவதைக் கவனித்துப் பாருங்கள். வைக்கோல், காய்ந்த தென்னோலை இரண்டும்தான் பொதுவாகப் போடுவார்கள். விறகுக் கங்கு ஓரிடத்தில் மட்டும் சுடும். வைக்கோல் தீ பரவலாக எழுந்து சட்டென்று அடங்கும், அதனால் தோல் முழுக்கச் சூடு சீராக ஏறும். பறையின் முகத்தைத் தீப்பக்கம் காட்டி, ஒரு முழத்துக்குக் குறையாத தூரத்தில் பிடித்து, சுற்றிக்கொண்டே இருப்பார்கள். இடையிடையே விரல் நுனியால் சுண்டிக் கேட்பார்கள். நடுவில் ஒரு சத்தம், ஓரத்தில் ஒரு சத்தம், இரண்டும் விறைத்துவிட்டதா என்பதுதான் கணக்கு. ஓரம் மட்டும் சூடேறினால் பசை விட்டுத் தோல் கழன்றுவிடும். நடு மட்டும் அதிகமாகக் காய்ந்தால் முதல் பலமான அடியில் கிழியும். ஐந்து நிமிடத்துக்குள் முடிகிற வேலை. ஆனால் தை மாதப் பனியில் அந்தச் சூடு அரை மணி தாங்கினால் பெரிது. குழு மேடை ஏறுவதற்குச் சற்று முன்புதான் காய்ச்சுவார்கள். "அடுத்து பறையாட்டம்" என்று மைக்கில் சொல்லும்போது மகளைக் கூட்டிக்கொண்டு ஓடினால் நெருப்பு அணைந்திருக்கும். அதற்கு முந்தைய நிகழ்ச்சி நடக்கும்போதே போங்கள்.

வைக்கோல் தீ திடீரென்று ஆளுயரம் எழும். குழந்தை பத்தடி தள்ளியே நிற்கட்டும், நைலான் துப்பட்டா வேண்டாம். பறையைத் தொட்டுப் பார்க்க ஆசைப்பட்டால் கலைஞரைக் கேளுங்கள், பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள். காய்ச்சிய பறையைத் தரையில் கவிழ்த்து வைக்கக் கூடாது, ஈரம் திரும்பவும் ஏறும். வலக்கையில் இருப்பது கட்டையான அடிக்குச்சி, நடுவில் விழும். இடக்கையில் மெல்லிய நீளமான மூங்கில் சிண்டுக்குச்சி, விளிம்பை ஒட்டித் தோல்மேல் படுத்தபடி விழும். இந்த இரண்டையும் தனித்தனியாகக் கேட்கச் சொல்லுங்கள். குச்சியின் நீளம் மாறினாலே சத்தம் மாறுவது குழந்தைக்கே புரியும்.

ஃபைபர் தாள் ஒட்டிய பறையோடு வரும் குழுக்களும் உண்டு. அதற்கு நெருப்பு வேண்டாம், மழைக்கும் அஞ்சாது. ஆனால் தோலின் அடித்தொண்டை அதில் கிடையாது. திண்டுக்கல் சக்தி கலைக்குழு மாதிரி பெண்களே அடிக்கும் குழுக்களும் நம் பக்கம் இருக்கின்றன. நோட்டீஸில் அப்படி ஒரு குழு இருந்தால் மகளுக்காகவே அதைத் தவறவிடாதீர்கள்.

தெப்பக்குளம்_தெற்கு:

நெருப்பு விஷயம் யாரும் சொல்லாதது, ரொம்ப நன்றிங்க. அப்ப நாலு மணிக்கே கிளம்பிர்றோம். உட்கார்ற இடமும் பதிவும்தான் பாக்கி.

மிக்ஸர்_மேசை:

உட்கார நல்ல இடம் ஒன்றே ஒன்று: ஒலி ஆபரேட்டர் உட்கார்ந்திருக்கும் மேசைக்கு முன்னால், நடுவாக. ஆபரேட்டர் தன் காதுக்கு எது சரியோ அதைத்தான் வைப்பார், அங்கே உட்கார்ந்தால் அவர் கேட்பதை நீங்களும் கேட்கலாம். மேடை அடியில் உட்கார்ந்தால் பேச்சும் பாட்டும் தலைக்கு மேலே போய்விடும், பேஸ் பெட்டி மட்டும் நெஞ்சில் இடிக்கும். ஓரத்தில் உட்கார்ந்தால் ஒரு பக்கத்து ஸ்பீக்கர்தான் கேட்கும்.

குழந்தை ஸ்பீக்கர் அடுக்குக்கு நேர் எதிரே பத்து மீட்டருக்குள் இருக்கவே கூடாது. பஞ்சு வைப்பதில் பிரயோசனம் குறைவு. குழந்தைகளுக்கான காது மூடி கடையில் கிடைக்கும். இரண்டு காதையும் முழுசாக மூடுகிற ஹெட்போன் வடிவம் வாங்குங்கள்.

பதிவு பற்றி. கரகரப்பு ஸ்பீக்கரில் இல்லை, உங்கள் போன் மைக்கில். பறையடி ஒவ்வொன்றும் ஊசி மாதிரி எழுந்து விழும். போன் மைக்கின் உள்சுற்று அந்த உச்சியைத் தாங்காமல் வெட்டிவிடும். வெட்டுப்பட்டது வெட்டுப்பட்டதுதான், வீட்டுக்கு வந்து சத்தத்தைக் குறைத்தால் கரகரப்பு மெதுவாகக் கேட்குமே தவிரப் போகாது. இதற்குத் தூரம்தான் முதல் மருந்து. மேடையிலிருந்து 15 முதல் 20 மீட்டர் தள்ளிப் போனாலே பாதிச் சிக்கல் தீரும். அடுத்தது, ரெக்கார்ட் லெவலைக் கையால் வைக்கும் செயலியைப் போட்டு, தானியங்கி லெவலை அணைத்து, பலமான அடி அந்தச் செயலியின் மீட்டரில் மைனஸ் 12 டெசிபலைத் தொடுகிற மாதிரி வையுங்கள். தானியங்கி லெவல் இருந்தால் பறை ஓய்ந்ததும் கூட்டத்தின் இருமலைத் தூக்கிக் காட்டும், அடுத்த அடி விழுந்ததும் எல்லாம் அமுங்கும். மைக் ஓட்டையை விரலால் பொத்துவது உதவாது, சத்தம் மூக்கடைத்த மாதிரி வரும்.

வீடியோவில் கறுப்புப் பட்டை ஓடினால் அது மேடை விளக்கின் துடிப்பு. நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், கேமராவின் ஷட்டர் வேகத்தை 1/50 அல்லது 1/100 நொடியில் வைத்தால் பெரும்பாலும் நின்றுவிடும். வண்ண எல்இடி விளக்குக்கு இது எப்போதும் பலிக்காது.

கரிசல்காடு:

தோழர், ரெண்டு விஷயம் விட்டுப்போச்சு.

ஒன்று காசு. இது "ஆடல் பாடல்" இல்லை. ஆடுறவங்க மேல நோட்டைக் குத்துறது, மேடை ஏறிக் கையில திணிக்கிறது, மைக்குல பேர் சொல்லச் சொல்றது எல்லாம் இங்க அசிங்கமாப் பார்ப்பாங்க. கரகாட்டத்தை அந்த வழக்கத்துலேர்ந்து பிரிச்சு எடுத்து மரியாதையா மேடையேத்தணும்கிறதும் இந்த இரவுகளோட நோக்கத்துல ஒண்ணு. நடுவுல தொண்டர்கள் துண்டு ஏந்தி வருவாங்க, செலவுக்கு அதுதான் வருமானம். அதுல போடுங்க. ஒரு குழுவுக்குத் தனியாக் கொடுக்கணும்னா முடிஞ்சப்புறம் குழுத் தலைவர் கையில. 10, 20, 50-னு சில்லறையா வச்சுக்கங்க. ஆயிரம் பேர் கூடுற வயல்ல நெட்வொர்க் படுத்துரும், ஜிபே சுத்திக்கிட்டே நிக்கும். புத்தகக் கடைக்கும் பருத்திப்பால் வண்டிக்கும் அதே கதைதான்.

மேடைக்குப் பின்னால போகச் சொன்ன நண்பர் சரியாத்தான் சொன்னார். ஆனா அங்க துணி மறைப்புக்குள்ள பெண் கலைஞர்கள் சலங்கை கட்டுவாங்க, உடை மாத்துவாங்க. நெருப்புப் பக்கம் மட்டும் போங்க, அந்தப் பக்கம் கேமரா திரும்பவே கூடாது.

ரெண்டாவது, "பேச்சு வந்தா எந்திரிச்சு டீ குடிக்கப் போயிரலாம்"னு எவனாவது சொல்லுவான், கேட்காதீங்க. கலை இரவுல பேச்சும் ஒரு அயிட்டம்தான். முற்போக்கு எழுத்தாளர் சங்கம் 1975-ல நம்ம மதுரையில ஆரம்பிச்சது. எழுத்தாளனையும் பறையடிக்கிறவரையும் ஒரே மேடையில, ஒரே வரிசையில நிறுத்துறது அவங்க கலை இரவுகளோட வழக்கம். பறை ஏன் சாவுக்கு மட்டும் ஒதுக்கப்பட்டுச்சு, ஏன் இன்னைக்கு மேடைக்கு வந்துச்சுன்னு பேச்சுல சொல்லுவாங்க. அதைக் கேட்டுட்டு அடியைக் கேட்டா மகளுக்கு வேற மாதிரி விளங்கும்.

சபாவுல மாதிரி முதல் வரிசை ரிசர்வ் எல்லாம் தேடாதீங்க. முன்னாடி பூராவும் தரைதான், ஊர்ப் பிள்ளைங்க உட்கார்ந்திருக்கும். நாற்காலி பின்னாடி.

தெப்பக்குளம்_தெற்கு:

அம்மாவுக்கு அந்த நாற்காலி கிடைக்குமா, நாமளே கொண்டு போகணுமா?

ஒத்தக்கடை_யானைமலை:

கொண்டு போங்க. மடக்கு நாற்காலி, முதுகுச் சாய்மானம் உள்ளது. அங்க போடுற பிளாஸ்டிக் நாற்காலி 6 மணிக்கே ஆள் பிடிச்சிருவாங்க. கொண்டு போனாலும் காலுக்கு அடியில வைக்க ரெண்டு பலகைத்துண்டு எடுத்துக்கங்க, பனி இறங்க இறங்க வயல் மண்ணு இளகும், பின்கால் ரெண்டும் புதைஞ்சு நாற்காலி மல்லாந்திரும். ஒலி ஆபரேட்டர் மேசைக்குப் பின்னால போட்டா பின்னாடி உள்ளவங்க மறைக்குதுன்னு சத்தம் போட மாட்டாங்க. ஜெனரேட்டர் எங்க நிக்குதுன்னு பார்த்துட்டுப் போடுங்க. தை மாசம் காத்து பெரும்பாலும் வடகிழக்குலேர்ந்து வரும், அதுக்குத் தென்மேற்குல உட்கார்ந்தா டீசல் புகை பூராவும் அம்மா மூஞ்சியிலதான்.