மாட்டுக்காரன் – நெசவுப்பெண் சீனக் கதை: நாலாம் வகுப்புக்கு எப்படிச் சொல்வது?

மண்டபம் மாலை வகுப்பு:
வேறு நாட்டுப் பழக்கவழக்கம் பற்றிப் பேச இந்தக் கதையை எடுக்கலாமென்று இருக்கிறேன். 25 பிள்ளைகள், பெரும்பாலும் கடல் தொழில் வீடுகள். 40 நிமிடம்தான் கிடைக்கும். எதில் கவனமாக இருக்கணும்?

பாம்பன் கரை:
நல்ல தேர்வு டீச்சர். இந்தக் கதைக்குப் படம் வானத்திலேயே இருக்கு. செப்டம்பர் தொடக்கத்தில் இரவு 9 மணி வாக்கில் திருவோணத்தின் மூன்று விண்மீன்களும் நம் கரைக்கு ஏறக்குறைய நேர் உச்சியில் நிற்கும். நடுவில் பளிச்சென்று இருப்பவன் மாட்டுக்காரன். இரண்டு பக்கமும் மங்கலாக இருப்பவை, காவடிக் கூடையில் அவன் தூக்கிப்போகும் பிள்ளைகள். வடக்கே அவனைவிடப் பிரகாசமாகத் தெரியும் அபிஜித் என்ற விண்மீன்தான் நெசவுப்பெண். இருவரையும் பிரிக்கும் பால்வீதி, சீனர்களுக்கு வெள்ளி ஆறு. அவர்கள் நாட்காட்டியில் ஏழாம் மாதம் ஏழாம் நாள் மட்டும் பறவைகள் கூடிப் பாலமாகும், இருவரும் சந்திப்பார்கள்.

அந்தத் தேதியிலேயே வானத்தைக் காட்ட நினைக்காதீங்க. அன்று அரைநிலா இருக்கும், பால்வீதி எடுபடாது. அமாவாசையை ஒட்டி, தெருவிளக்கு படாத கடற்கரைக்குப் பெற்றோரோடு வரச் சொல்லுங்க. வகுப்பில் கறுப்பு சார்ட்டும் கோலமாவும் போதும்: நாலு விண்மீனுக்குப் புள்ளி, குறுக்கே மாவைத் தூவினால் ஆறு.

கீழக்கரை வாசகர்:
ஒரு எச்சரிக்கை. பரவலாகச் சொல்லப்படும் வடிவத்தில், குளிக்கும் பெண்ணின் ஆடையை அவன் ஒளித்து வைப்பான். இந்த வயசுக்கு அது வேண்டாம். அவனுடைய மாடு வழிகாட்ட இருவரும் சந்தித்தார்கள் என்று சொல்லிக் கடந்துவிடலாம், கதை கெடாது. ஆனால் வள்ளி, முருகன் என்று பெயர் மாற்றினால் சீனா காணாமல் போய்விடும். மாட்டுக்காரனை நியூலாங், நெசவுப்பெண்ணை ஜிநூ என்றே சொல்லுங்கள். பாலம் கட்டும் பறவை மாக்பை. கறுப்பு வெள்ளை நிறம், காக்கைக் குடும்பம். படம் காட்டினால் போதும், அதைக் காகமாக்க வேண்டாம். சீனர் போல என்று கண்ணை இழுத்துக் காட்டி நடிக்க யாரையும் விடவே கூடாது.

தொண்டி ஆசிரியர்:
கடைசிப் பத்து நிமிடத்துக்கு ஊசி வேலை வையுங்கள். அந்த ஏழாம் நாள் இரவில் சீனப் பெண்கள் கைத்திறன் வேண்டி நிலா வெளிச்சத்தில் ஊசியில் நூல் கோப்பது பழைய வழக்கம். சின்ன ஊசி என்றால் நேரமெல்லாம் கோப்பதிலேயே போய்விடும். முனை மழுங்கிய கோணி ஊசியும் நைலான் நூலும் கொடுங்கள். வலை பின்னும் வீட்டுப் பிள்ளைகள் சட்டென்று கோத்துவிடுவார்கள். அப்போதே பெரியபட்டினம் அகழாய்வில் கிடைத்த சீனப் பீங்கான் ஓடுகளைப் பற்றிச் சொல்லுங்கள். சீனச் சரக்கு நம் கரைக்கு வந்து பல நூற்றாண்டு ஆயிற்று என்று தெரிந்தால், அந்த நாட்டு மனிதர்களைப் பற்றிக் கேள்வி தானாக வரும்.

இணையத்தில் படம் தேடும்போது மூங்கில் கிளையில் வண்ணத் தாள் கட்டிய படங்கள் நிறைய வரும். அது இதே கதையின் ஜப்பானியத் திருவிழா, தனபாதா. சீனப் படங்களோடு கலந்து ஒட்டிவிடாதீர்கள்.