அம்மாவின் போனில் வந்த ஆப்பை அழிக்கவே முடியவில்லை, உதவி தேவை

கேள்வி:
வணக்கம். பார்சல் வந்திருக்கிறது, முகவரியைச் சரிபார்க்க இதை நிறுவுங்கள் என்று அம்மாவுக்கு ஒரு மெசேஜ், கூடவே ஒரு ஏபிகே ஃபைல் (ஸ்டோர் இல்லாமல் நேரடியாக ஆப்பை நிறுவும் ஃபைல்). நிறுவி, அது கேட்ட அனுமதியை எல்லாம் கொடுத்துவிட்டார். இப்போது ஐகானே காணோம். செட்டிங்ஸில் தேடிப்பிடித்து அன்இன்ஸ்டாலைத் தொடப் போனால் திரை தானாகவே பின்னால் ஓடிவிடுகிறது. இதே போனில் பேங்க் ஆப்பும் இருக்கிறது. பாஸ்வேர்டை உடனே மாற்றிவிடட்டுமா?

பதில் 1:
மாற்றுங்கள், ஆனால் அந்தப் போனில் வேண்டவே வேண்டாம். திரை தானாக ஓடுகிறது என்றால் அக்சஸிபிலிட்டி அனுமதி, அதாவது திரையைப் படிக்கவும் நமக்குப் பதிலாகத் தொடவும் விடும் அனுமதி, அதன் கையில் இருக்கிறது, நீங்கள் தட்டும் புதிய பாஸ்வேர்டும் நேராக அவர்களுக்குத்தான் போகும். இந்த வகை ஆப், பேங்க் ஆப்பைத் திறந்ததும் அதன் மேலேயே அச்சு அசலாக ஒரு போலி லாகின் திரையை விரிக்கும், எஸ்எம்எஸ்ஸில் வரும் ஓடிபியையும் படித்து அனுப்பிவிடும், அதனால் ஓடிபி இருக்கிறதே என்று நம்பி இருக்காதீர்கள். முதலில் ஏரோபிளேன் மோடு, வைஃபையும் ஆஃப் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள். அப்புறம் வேறு போனிலிருந்து பேங்குக்குப் பேசி நெட் பேங்கிங், கார்டு இரண்டையும் முடக்கச் சொல்லுங்கள். கார்டின் பின்பக்கத்தில் உள்ள எண்ணுக்கே அழையுங்கள், இணையத்தில் தேடினால் போலி கஸ்டமர் கேர் எண்ணும் சேர்ந்தே வரலாம்.

கேட்டவர்:
முடக்கியாச்சு, நல்லவேளை பணம் எதுவும் போகவில்லை. ஆப் மட்டும் அப்படியே இருக்கிறது. சிம்மைக் கழற்றி வேறு போனில் போடலாமா?

பதில் 2:
தாராளமாக, இந்த ஆப் சிம்மில் போய் உட்காராது. போட்டதும் ##002# டயல் செய்யுங்கள், அழைப்புகளை வேறு எண்ணுக்குத் திருப்பும் கால் ஃபார்வர்டிங் ஏதாவது போட்டு வைத்திருந்தால் பெரும்பாலான நெட்வொர்க்குகளில் அது ரத்தாகிவிடும். பழைய போனை சேஃப் மோடில் திறங்கள். பல ஆண்ட்ராய்டு போன்களில் திரையில் வரும் பவர் ஆஃப் பட்டனை அழுத்திப் பிடித்தால் சேஃப் மோடுக்குப் போகவா என்று கேட்கும். அதில் நாமாக நிறுவிய ஆப் எதுவும் ஓடாது, திரையும் தானாகப் பின்னால் போகாது. செட்டிங்ஸில் டிவைஸ் அட்மின் பட்டியலில், அதாவது போனைக் கட்டுப்படுத்தும் அதிகாரம் பெற்ற ஆப்களின் பட்டியலில், அது இருந்தால் முதலில் அதன் டிக்கை எடுங்கள், பிறகு அன்இன்ஸ்டால் செய்யுங்கள். அழித்த பிறகும் நான் அந்தப் போனை நம்ப மாட்டேன். போட்டோக்களை மட்டும் எடுத்துக்கொண்டு ஃபேக்டரி ரீசெட் செய்துவிடுங்கள், ஆப்களை ஸ்டோரிலிருந்து புதிதாகப் போடுங்கள். பாஸ்வேர்டை மாற்றும்போது மெயிலுடையதை முதலில் மாற்றுங்கள், மற்றதை எல்லாம் ரீசெட் செய்யும் லிங்க் அங்கேதான் வரும். அந்த மெசேஜை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்திருங்கள், புகார் கொடுக்கும்போது கேட்பார்கள்.

பதில் 1:
இன்னொன்று. அம்மாவின் எண் அவர்களிடம் இருக்கிறது, அதனால் பேங்கிலிருந்து பேசுகிறோம், பாதுகாப்புக்குப் பணத்தை வேறு கணக்குக்கு மாற்றுங்கள் என்றோ, திரையைப் பகிரும் ஆப் ஒன்றைப் போடுங்கள் என்றோ அழைப்பு வரலாம். எந்த பேங்கும் அப்படிக் கேட்காது. அம்மாவைத் திட்டாமல் இதைச் சொல்லி வையுங்கள், பயந்துபோயிருந்தால் அடுத்த அழைப்பு வந்ததை உங்களிடம் சொல்லவே தயங்குவார்.

கேட்டவர்:
சேஃப் மோடில் அழிந்துவிட்டது! போட்டோக்களை எடுத்துக்கொண்டிருக்கிறேன், முடிந்ததும் ரீசெட். இருவருக்கும் மிக்க நன்றி.