கேன்சர் வந்தபிறகு உங்களை எப்படிக் கூப்பிட்டார்கள்?

ரங்கூனிலிருந்து ஓர் அக்கா:

பத்தொன்பது வருடமாக வீட்டு வாசலில் இட்லிக்கடை போடுகிறேன். பர்மியர்களுக்கு நான் "இட்லி அமா", நம்மவர்களுக்கு "இட்லிக்கார அக்கா". இடது மார்பை எடுத்து வீட்டுக்கு வந்தபின் அந்தப் பேரை யாரும் சொல்லவில்லை. "பாவம், அந்தக் கேன்சர் வந்தவங்க" என்று ஆனது. பார்க்க வந்தவர்கள் என் வீட்டுக்காரரிடம் "சாப்பிடுறாங்களா, தூங்குறாங்களா" என்று விசாரித்தார்கள். நான் அவர் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன்.

மூன்று வாரத்துக்கு ஒருமுறை மருந்து ஏற்றினார்கள். முதல் மருந்து ஏறிப் பதினேழாம் நாள், சீப்பை வைத்தால் முடி கொத்தாக வந்தது. முடி போகும் என்று தெரியும், மனதைத் தேற்றி வைத்திருந்தேன். புருவமும் போகும் என்று நினைக்கவே இல்லை. கண்ணாடியில் இருப்பது யாரென்று எனக்கே பிடிபடவில்லை. அன்று மகள் கல்லில் தண்ணீர் விட்டு, பர்மியர்கள் சந்தனம்போல் பூசும் தனக்கா கட்டையை உரைத்து, இரண்டு கன்னத்திலும் வட்டமாகப் பூசிவிட்டாள். பழகிய முகம் கொஞ்சம் திரும்பி வந்தது. அப்புறம் கரண்ட் (கதிர்வீச்சு) வைப்பதற்காக நெஞ்சில் கோடு போட்டபோது, அந்த இடத்தில் தனக்கா, பவுடர், எண்ணெய் எதுவும் கூடாது என்றார்கள். சரி, கழுத்துக்குக் கீழே பூசுவதை விட்டேன். கன்னத்துக்கு ஒரு நாளும் விடவில்லை.

எல்லாவற்றையும்விட, காலை நாலு மணிக்கு விழிப்பு வந்து, செய்ய வேலை இல்லாமல் படுத்திருந்ததுதான் கஷ்டம். அன்பினால்தான் கரண்டியைப் பிடுங்கிக்கொண்டார்கள். ஆனால் அதோடு என்னையும் பிடுங்கிக்கொண்ட மாதிரி இருந்தது.

உங்கள் வீடுகளில் எப்படி? எழுதுங்கள்.

பெகுவிலிருந்து ஒரு தம்பி:

அக்கா, என் அப்பாவைப் பற்றிச் சொல்கிறேன். எங்கள் கோயிலில் தேவாரம் பாடுவது அவர்தான். நாக்கின் ஓரத்தில் ஆறாத புண் வந்து, பாதி நாக்கை எடுத்தார்கள். இப்போது அவருக்கு "ழ" வரவில்லை, "ற" வரவில்லை. "வாயப்பயம் இல்லடா, வாழைப்பழம்" என்று என் தலையில் குட்டிச் சொல்லிக்கொடுத்த மனுஷன். போன் வந்தால் என்னிடம் நீட்டிவிடுகிறார்.

"நான் புகையிலை சேர்க்கலையே, வெறும் பாக்கும் சுண்ணாம்பும்தானே" என்று ஆரம்பத்தில் நோட்டில் எழுதி எழுதிக் காட்டினார். பாக்கே புற்றுநோயை உண்டாக்கும் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004ல் வெளியிட்ட அறிக்கையில் இருக்கிறது. எங்கள் தெருமுனையில் வெற்றிலை மடித்துக் கொடுக்கும் கூன்யா கடை வரைக்கும் அந்தச் செய்தி வரவில்லை. தேத்தண்ணிக்கடையில் பழைய கூட்டாளிகள் கூன்யா நீட்டினால் எனக்குப் பதறுகிறது. நீட்டாமல் விட்டால், ஒதுக்கிவிட்டார்கள் என்று அவர் முகம் சுருங்குகிறது. கரண்ட் வைத்ததில் எச்சில் வற்றிப்போய், மீன்குழம்பு நூடுல்ஸான மொஹிங்காவைக்கூட நன்றாகக் குழைத்து, காரம் இல்லாமல், தண்ணீர் குடித்துக் குடித்துத்தான் இறக்குகிறார்.

கோயிலுக்குப் போவதை நிறுத்தவில்லை. ஒரு பையன் பாடுகிறான், அப்பா தாளம் போடுகிறார். பையன் "ழ"வைக் கோட்டைவிட்டால் தாளம் நிற்கும்.

மோல்மேனிலிருந்து ஒரு தங்கை:

வந்தது அம்மாவுக்கு, மார்பில். பேர் மாறியது எனக்கும்தான். பெண் பார்க்க வந்தவர்கள் "பரம்பரை வியாதியா" என்று கேட்டார்கள். மார்பகப் புற்றில் நூற்றுக்கு ஐந்திலிருந்து பத்துப் பேருக்குத்தான் பரம்பரை மரபணு காரணம் என்று டாக்டர் சொன்னதை அப்படியே சொன்னேன். காதில் போட்டுக்கொள்ளவில்லை. உள்ளறையில் அம்மா "என்னாலதான்" என்று அழுதாள். இந்தச் சம்பந்தம் வேண்டாம் என்று நானே சொல்லி அனுப்பிவிட்டேன்.

ரங்கூன் அக்கா மறுபடியும்:

தங்கச்சி, அம்மாவை வேலை எதுவும் செய்யவிடாமல் உட்கார வைத்துவிடாதே. அதை மட்டும் கேட்டுக்கொள்கிறேன்.

போன மாதம் கடையைத் திரும்பப் போட்டேன். அக்குளில் நெறிக்கட்டிகளை எடுத்ததால் இடது கை வீங்கிக்கொள்கிறது, பாரம் தூக்கக் கூடாது. மாவுப்பானையை மகன் தூக்கி வைக்கிறான். முதல் நாள் வந்தவர்கள் எல்லோரும் "உடம்பு எப்படி" என்று கேட்டுவிட்டு, சாப்பிட்டதைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் போனார்கள். மூன்றாவது வீட்டுப் பர்மியக் கிழவி மட்டும் ஒரு வாய் வைத்ததும், "இட்லி அமா, சட்னியில் உப்பு கம்மி" என்றாள். கீமோவுக்குப் பிறகு எனக்கு இன்னும் உப்பு சரியாகத் தெரிவதில்லை. ஒரு சிட்டிகை போட்டுக் கலக்கி, அவளையே ருசி பார்க்கச் சொன்னேன்.