சி லேப்: "அவுட்புட் தப்பா வருது" என்பதை எப்படிக் கேட்டால் பதில் கிடைக்கும்?

முதலாண்டு_இசிஇ
சி புரோகிராமில் அஞ்சு பாட மார்க்கை வாங்கி, கடைசியில் செக்‌ஷன் எழுத்தையும் வாங்கி, சராசரி காட்டணும். 72, 81, 65, 90, 84 கொடுத்தால் 78.40 வரணும், 78.00 வருது. செக்‌ஷன் கேட்கிற இடத்தில் நிற்காமலே தாண்டிப் போயிடுது. எர்ரர் ஒன்றும் இல்லை. கிளாஸ் குரூப்பில் ஸ்கிரீனை போட்டோ எடுத்துப் போட்டேன். ஒருத்தர் வேற புரோகிராமையே முழுசா அனுப்பிட்டார். அது ஓடுது, ஏன்னு புரியல. வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) கேட்டால் மாட்டிப்பேன். லேபில் மேடமிடம் ஒரு நிமிஷம்தான் கிடைக்கும். எப்படிக் கேட்கணும்?

செமிகோலன்
இது ரெண்டு தனித்தனித் தப்பு. சேர்த்துக் கேட்டதால்தான் குழப்பம்.

முதலாவது: மொத்தம் இன்ட் (முழு எண்), 5-உம் இன்ட். இன்ட்டை இன்ட்டால் வகுத்தால் சி புள்ளிக்குப் பின்னால் இருப்பதை அங்கேயே வெட்டிவிடும். 392-ஐ 5-ஆல் வகுத்து 78 ஆன பிறகுதான் அது ஃப்ளோட்டுக்குள் (புள்ளி எண்ணை வைக்கும் வேரியபிளுக்குள்) போகிறது. ஊற்றும்போதே சிந்திவிட்டால் பாத்திரம் பெரிதாக இருந்து என்ன? 5-ஐ 5.0 ஆக்குங்கள்.

ரெண்டாவது: 84 அடித்து என்டர் தட்டுகிறீர்கள். முழு எண் வாங்கும் %டி 84-ஐ மட்டும் எடுத்துக்கொள்ளும். என்டர் பஃபரிலேயே (அடித்தது காத்திருக்கும் இடத்திலேயே) கிடக்கும். அடுத்து வரும், ஓர் எழுத்தை வாங்கும் %சி அதையே எழுத்து என்று எடுத்துக்கொண்டு போய்விடும். இன்புட் வாங்கும் ஸ்கேன்எஃப்பின் மேற்கோளுக்குள் %சி-க்கு முன்னால் ஒரு ஸ்பேஸ் விடுங்கள். அதற்கு முன், இப்போதிருக்கும் புரோகிராமிலேயே அந்த எழுத்தை %டி போட்டு பிரிண்ட் பண்ணிப் பாருங்கள். 10 வரும். என்டரின் ஆஸ்கி எண் (எழுத்தைக் கணினி வைத்துக்கொள்ளும் எண்) அதுதான். செக்‌ஷன் 'ஏ' ஒழுங்காக உள்ளே போயிருந்தால் 65 வந்திருக்க வேண்டும்.

கோடு_பார்ப்பவர்
கேட்கிற முறைக்கு வருகிறேன். போட்டோ வேண்டாம், பதில் சொல்பவர் அதைத் திரும்ப டைப் செய்து ஓட்டிப் பார்க்க மாட்டார். கோடை டெக்ஸ்டாக ஒட்டுங்கள். கூடவே எந்த கம்பைலர் (கோடை ஓடும் புரோகிராமாக மாற்றுவது), என்ன இன்புட், என்ன வரணும், என்ன வந்தது. நீங்கள் எழுதியதில் கடைசி மூன்றும் இருந்ததால்தான் கோடைப் பார்க்காமலே மேலே பதில் வந்தது.

கேட்பதற்கு முன் கோடைச் சுருக்குங்கள். ஸ்கேன்எஃப்பை எல்லாம் தூக்கிவிட்டு 72, 81 என்று மதிப்புகளை நேரடியாக எழுதி ஓட்டுங்கள். அப்போதும் 78.00 வந்தால் தப்பு கணக்கில். சரியாகிவிட்டால் தப்பு வாங்குகிற இடத்தில். பாதி நேரம் இதிலேயே விடை தெரிந்துவிடும்.

எர்ரர் வந்தால் முதல் எர்ரரை மட்டும் பாருங்கள். 7-ஆவது வரியில் செமிகோலன் விட்டுப்போனால் 8-ஆவது வரியைக் காட்டும் கம்பைலர்கள் உண்டு. ஒரு அடைப்புக்குறி போனால் பதினைந்து எர்ரர்கூட வரும். முதலாவதைத் திருத்தி மறுபடி கம்பைல் பண்ணுங்கள், மிச்சம் தானாக மறையும். ஜிசிசி கம்பைலர் என்றால், எச்சரிக்கைகளைக் காட்டும் '-டபிள்யூஆல்' சேர்த்து கம்பைல் பண்ணுங்கள் (டபிள்யூ பெரிய எழுத்து). ஸ்கேன்எஃப்பில் & விட்டுப்போனது, இஃப்புக்குள் ஒற்றை = போட்டது எல்லாம் அதில் மாட்டும். உங்கள் ரெண்டு தப்பும் மாட்டாது, அவை சியின் கண்ணில் தப்பே இல்லை.

அப்சர்வேஷன்_நோட்டு
கம்பைலரைச் சொல்லச் சொன்னது சும்மா இல்லை. லேபில் டர்போ சி, வீட்டில் ஜிசிசி என்றால் ஒரே கோடு ரெண்டு விடை தரும். டர்போ சியில் இன்ட் 16 பிட், 32767-க்கு மேல் தாங்காது. 7 ஃபேக்டோரியல் (1 முதல் 7 வரை பெருக்கியது) 5040, சரியாக வரும். 8 ஃபேக்டோரியல் 40320 வருவதற்குப் பதில் -25216 வரும். ஜிசிசியில் 12 வரை சரி, 13-இல் அதுவும் கோட்டை விடும்.

மேடமிடம் கிடைக்கிற ஒரு நிமிஷத்துக்கு: அப்சர்வேஷன் நோட்டில், கோடைக் கையால் ஓட்டிப் பார்த்த டிரை ரன் டேபிள் போட்டுக்கொண்டு போங்கள். வரி எண், ஒவ்வொரு வேரியபிளின் மதிப்பு, அவ்வளவுதான். "இந்த வரிவரை நான் நினைத்ததுதான் வருது மேடம், இங்கே 78.4 இருக்கணும், 78 இருக்கு" என்று விரல் வைத்துக் காட்டினால் அவர் கோடைத் தலையிலிருந்து படிக்க வேண்டியதில்லை. வெறுமனே "வரல மேடம்" என்றால் அந்த ஒரு நிமிஷமும் கோடைப் படிப்பதிலேயே போய்விடும்.

பாயின்டர்_பயம்
டேபிள் கையால் போடச் சோம்பலா இருந்தா பைதான் டியூட்டர்னு ஒரு தளம் இருக்கு. பேர்தான் பைதான், சியும் ஓடும். வரிவரியா நகர்த்தி மெமரியைப் படமாக் காட்டும். ஸ்கேன்எஃப் வைக்காம மதிப்பை நேரே எழுதிப் போடுங்க. தமிழ்ல கேட்கணும்னா ஐஐடி பம்பாயின் ஸ்போக்கன் டியூட்டோரியல் பாருங்க. சாட்ஜிபிடிகிட்ட கேட்டா "கோடு தராதே, எந்த வரி ஏன் தப்புன்னு மட்டும் சொல்லு"ன்னு கேளுங்க. இல்லேன்னா அதுவும் உங்க குரூப்காரர் மாதிரி முழுசாத்தான் அனுப்பும்.

முதலாண்டு_இசிஇ
பிரிண்ட் பண்ணினேன், 10 வந்தது! ஸ்பேஸ் விட்டதும் நின்று கேட்குது. குரூப்பில் வந்த கோடில் ஸ்பேஸுக்குப் பதில் எஃப்ஃப்ளஷ்-ஸ்டிடின் போட்டிருக்கு. அதுவும் சரியா?

செமிகோலன்
விண்டோஸில் சில கம்பைலரில் வேலை செய்யும். எஃப்ஃப்ளஷ் பஃபரில் இருக்கும் அவுட்புட்டை வெளியே தள்ளுவதற்கானது, இன்புட்டில் போட்டால் என்ன ஆகும் என்று சி தரநிலை எந்த உறுதியும் தரவில்லை. லினக்ஸில் கீபோர்டு இன்புட்டுக்கு ஒன்றும் ஆகாது, என்டர் அங்கேயே கிடக்கும். ஸ்பேஸ் எல்லா இடத்திலும் வேலை செய்யும், அதையே வைத்துக்கொள்ளுங்கள்.