தட்டுல இருக்குறது சைனா படம், பின்னாடி இங்கிலாந்து முத்திரை, எப்படி?

மயிலாப்பூர்வாசி: பாட்டி வீட்டு பரண்ல ஒரு பழைய பீங்கான் தட்டு கிடைச்சுது, வெள்ளைல நீலப் படம், பாலத்து மேல மூணு பேர், மேல ரெண்டு பறவை, பாத்தா அச்சு அசல் சைனா, ஆனா பின்னாடி 'மேட் இன் இங்கிலண்ட்'னு இருக்கு. யாராச்சும் விளக்குங்களேன்.

களிமண்காதலன்: அது வில்லோ பேட்டர்ன்ங்க. 18ஆம் நூற்றாண்டு கடைசில இங்கிலாந்துக்காரங்க சைனா தட்டுகளைப் பாத்து கலந்துகட்டி உருவாக்குன டிசைன். கையால வரையல, செப்புத் தகட்டுல செதுக்கி மெல்லிசு பேப்பர்ல பிரிண்ட் எடுத்து ஒட்டுறது. ஓரத்து பார்டரை லென்ஸ் வெச்சு பாருங்க, பேப்பர் சேர்ற இடத்துல கோடு சரியா பொருந்தாது.

நீலவண்ணம்: டச்சுக்காரங்க இன்னும் முன்னாடி. 1644ல மிங் ஆட்சி கவிழ்ந்து சைனா சரக்கு வரத்து குறைஞ்சதும் டெல்ஃப்ட் ஊர்ல சாதா களிமண் மேல வெள்ளீய கிளேஸ் (கண்ணாடி மாதிரி பளபளப்புப் பூச்சு) பூசி நீலத்துல வரைஞ்சு அந்த மார்க்கெட்டைப் பிடிச்சாங்க. விளிம்பு பேந்தா உள்ள பழுப்பு மண் தெரியும், நிஜ போர்சலின்ல, அதாவது சைனா பீங்கான்ல, உள்ளயும் வெள்ளைதான். அந்த போர்சலின் செய்யுற ரகசியம் ஜெர்மனில பிடிபட்டு மைசன் ஃபேக்டரி வந்தது 1710ல. ஆனா எனக்கு டெல்ஃப்ட்தான் உசுரு, அந்த நீலத்துல ஒரு கை ஓட்டம் இருக்கும்.

எழும்பூர்க்காரி: நேர்ல பாக்கணும்னா சென்னை செயின்ட் ஜார்ஜ் கோட்டை மியூசியம் போங்க, கிழக்கிந்திய கம்பெனி காலத்து பீங்கான் வெச்சிருக்காங்க. வெள்ளிக்கிழமை லீவு.