போலி மதிப்பீடுகளைக் கையாள்வது குறித்து ஆலோசனை தேவை

உறுப்பினர்களுக்கு வணக்கம். எங்கள் சிறு நிறுவனத்தின் ஃபேஸ்புக் பக்கத்திலும் கூகுள் மேப்ஸிலும் வரும் வாடிக்கையாளர் கருத்துகளுக்கு நான்தான் பதிலளித்து வருகிறேன். உண்மையான குறையைச் சொல்பவரிடம் பொதுவில் வருத்தம் தெரிவித்து, விவரங்களைத் தனியே கேட்டுத் தீர்த்துவிட முடிகிறது. அத்தகைய கருத்துகளை மதிக்கவே செய்கிறேன். ஆனால், எங்கள் விற்பனைப் பதிவுகளில் எங்குமே இல்லாத பெயர்களில், ஏறக்குறைய ஒரே வாசகத்துடன், கூகுளில் ஒற்றை நட்சத்திர மதிப்பீடுகள் அடுத்தடுத்து வருவது மிகுந்த கவலையளிக்கிறது. அவற்றை நாமே நீக்க இயலாது, விதிமீறல் என்று புகாரளிக்க மட்டுமே முடியும். நண்பர்களைக் கொண்டு ஐந்து நட்சத்திரங்கள் இடச்செய்வது விதிக்கும் நேர்மைக்கும் புறம்பானது என்பதால் அந்த வழி வேண்டாம். புகாரின் முடிவு தெரியும்வரை இவற்றுக்குப் பதில் எழுதலாமா? புகார் நிராகரிக்கப்பட்டால் மேல்முறையீட்டில் எதைச் சுட்டிக்காட்டுவது பயனளிக்கும்? இதைச் சமாளித்த அனுபவமுள்ளவர்கள் வழிகாட்டுமாறு கேட்டுக்கொள்கிறேன்.